மூன்று வரி வழி

மோடம் கீச்சிட்டு அடங்கியதும் பவுனு கீபோர்டை இழுத்துக்கொண்டாள். காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. ஜனக்புரியில் அவள் வேலை பார்க்கும் பார்சல் கம்பெனியின் டெலிபோன் லைன் அறுந்துபோக மழையே வேண்டியதில்லை. மறுபடி டயல் செய்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிடைக்கும் எண்ணைப் பார்த்து, சென்னை, பம்பாய், கல்கத்தா கம்ப்யூட்டர்களுக்கு எந்த வழியாகப் போவது என்று மூன்று வரி அடிக்க வேண்டும். ஓர் எண் பிசகினாலும் ஒரு பில்கூட நகராது. நாலு வருஷமாக இந்த ஆபீஸில் அதை அடிப்பவள் அவள் ஒருத்திதான். அதுவும் ஆறு மாத ஒப்பந்தத்தில்.

லீவு கிடைக்காததும் அதனால்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை கணவன் செல்வராஜுக்கு முதுகில் ஆபரேஷன்.

"பத்து நாள் நீ போயிட்டா யாரும்மா ரூட் போடுவா?" என்றார் மேனேஜர் வேதாந்தம். "நேக்கு அதுல தலையும் புரியல, வாலும் புரியல."

"கூட இருக்க வேற ஆளில்ல சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது, சொல்லு."

இரண்டு நாள் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்து, இணைப்பு வந்த கையோடு கம்ப்யூட்டர் தானே எண்ணைப் பார்த்து வழி போட்டுக்கொள்ளும்படி ஒரு ஃபைல் எழுதினாள். வியாழக்கிழமை வேதாந்தத்தின் கண்ணெதிரே ஒயரைப் பிடுங்கி மாட்டினாள். மோடம் தானே டயல் செய்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அரை நிமிஷத்தில் சென்னை பதில் தந்தது.

"அச்சா. கெட்டிக்காரிதான் நீ. பத்து என்ன, பதினஞ்சு நாள் எடுத்துக்கோ."

பவுனு அப்போதே லீவு லெட்டரை எழுதி நீட்டினாள்.

பதினாறாம் நாள் அவள் திரும்பி வந்தபோது வேதாந்தம் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இந்த மாசத்தோட உன் கான்ட்ராக்ட் முடியறதோன்னோ. புதுப்பிக்க வேண்டாம்னுட்டா ஹெட் ஆபீஸ்ல. லைன் அறுந்தாலும் தானா வந்துடறது, ஆள் எதுக்குங்கறா." கொஞ்சம் தயங்கினார். "அந்த ஃபைலை ஜெய்ப்பூர் பிராஞ்சுக்கும் ஒரு ஃப்ளாப்பியில போட்டுக் குடுத்துடு. மத்தியான கூரியர்ல போகணுமாம்."

அப்படியே எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் மாதக் கடைசிவரை சம்பளம் வேண்டுமே. போட்டாள். ஃப்ளாப்பியை வெளியே எடுக்கும்போது டெலிபோன் அடித்தது. ஜெய்ப்பூர் கிளையில் இதே வேலையை இதே ஒப்பந்தத்தில் பார்க்கும் மங்களம்.

"அக்கா, வந்துட்டீங்களா? பதினஞ்சு நாளா யாரைக் கேக்கறதுன்னு தெரியாம தவிச்சுட்டேன். இங்க லைன் போய் இப்பதான் வந்துது, புது நம்பர் சொல்றேன். அந்த மூணாவது வரியை ஒருதரம் சொல்லுங்கக்கா."

"எழுதிக்கோ" என்றாள் பவுனு. ஒவ்வோர் எண்ணாக, நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். வேதாந்தம் கூரியர் உறையின் வாயை விரித்துப் பிடித்தபடி அவள் பேசி முடிப்பதற்காக நின்றுகொண்டிருந்தார்.