ஒரு வரி பாக்கி

"இமயம் சரிந்ததோ வேணாம்னா, ஆலமரம் சாய்ந்ததோன்னு போட்டுடலாங்களா?" செம்மலின் போனுக்குள்ளிருந்து கேட்டான் பேனர் கடை முகிலன்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கமலவேணி ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கணவர் ஜானகிராமன் பெட்டியில் பாதியைக்கூட அடைக்கவில்லை.

"எந்த ஊர்லடா இத்தினூண்டு ஆலமரம்? வேணாம்னு சொல்லு," என்றாள் மகனிடம்.

ஜானகிராமன் மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடியபின் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வாட்ச்மேன். அதெல்லாம் வயிற்றுக்கு, உயிர் கவிதையில் கிடந்தது. புத்தகம் போட்டுப் பெரிய ஆளாகும் ஆசை, கடைசியில் குடியிருந்த குருசுக்குப்பத்துக் கண்ணீர் அஞ்சலி பேனர்களில் வந்து நின்றது. யார் செத்தாலும் நாலு வரிக்கு இவரிடம்தான் வருவார்கள். எதுகைக்காக எதுவும் செய்வார். எதிர்வீட்டு அஞ்சலாட்சியின் புருஷன் ஆட்டோ ஓட்டியவர், கடற்காற்றே ஒத்துக்கொள்ளாத உடம்பு. அவரை 'வலை வீசப் போனாயோ, வலியைத் தந்து போனாயோ' என்று கடலுக்கு அனுப்பிவிட்டார். அஞ்சலாட்சி சண்டைக்கு வந்தாள். ஆனாலும் அந்த பேனரை எறியவில்லை. அவள் மீன் விற்கும் இடத்துக்கு இன்றும் அதுதான் கூரை.

தன் பேனரைப் பற்றி மட்டும் போன வாரம் ஆஸ்பத்திரியில் சொன்னார்: "எனக்கு நீதான் சொல்லணும் கமலம். உன் வாயால வந்தா போதும்."

அவர் கவிதை எதையும் அவள் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. படித்துக் காட்டினால் "ம்" என்பாள். அந்த 'ம்'மையும் அவர் பாராட்டில் சேர்த்துக்கொள்வார். அங்காளம்மனிடம் ஓயாமல் பேசுகிறவளுக்கு இந்த மனிதருக்காக ஒன்றும் வரவில்லை.

"எம்மா, இருட்டறதுக்குள்ள எடுக்கணும். எதனா சொல்லு," என்றான் செம்மல்.

"எனக்கு என்னாடா தெரியும்? தெனம் நான் சொன்னது ஒண்ணுதான். சோறு ஆறுது, எழுந்து வாய்யா. இரு, ஒரு வரி பாக்கிம்பாரு. அதுக்குள்ள கொழம்பு ஜில்லுனு போயிடும்."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கமலவேணி மூக்கைத் துடைத்தாள்.

"அதையே போடச் சொல்லு."

முகிலன் இழுத்தான். "உணவு ஆறுகிறது, எழுந்து வாருங்கள்னு போடலாங்களா? டீசன்டா இருக்கும்."

"உணவுன்னா வேற யாரையோ கூப்புடறாங்கன்னு இருந்துடுவாரு. சொன்னத போடு."

பேனர் வருவதற்குள் ஜானகிராமன் கிளம்பிவிட்டார். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். தலை முழுகிவிட்டுக் கமலவேணி வாசலுக்கு வந்தபோது, முகிலன் எதிரே பேனரைக் கட்டிக்கொண்டிருந்தான். மேல்முனைகள் மட்டும் நின்றன. கீழ்ப்பாதி காற்றில் மடங்கிக் கிடந்தது. 'சோறு ஆறுது' என்ற முதல் வரி மட்டும் கொட்டை எழுத்தில் தெரிந்தது.

சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி, "புது மெஸ்ஸா? எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார்.

கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய்க் கணவரிடம் சொல்லத் திரும்பினாள். சொல்ல ஆளில்லை என்பது வாசற்படியில்தான் உறைத்தது.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது. அஞ்சலாட்சி தட்டில் சோறும் ரசமும் போட்டுக்கொண்டு வந்தாள்.

"யக்கா, சோறு ஆறுது. வந்து உக்காரு."

முகிலன் குனிந்து கீழ்முனைக் கயிற்றை இழுத்தான். மடிப்பு மெல்ல விரிந்தது.

"இரு அஞ்சல," என்றாள் கமலவேணி. "ஒரு வரி பாக்கி."