ஏலக்காய்த் தூசி

காலை ஆறு இருபதுக்கு முதல் லோடு வந்தது. போடி ஏலக்காய்க் கடைகளில் சலித்து ஒதுக்கிய கழிவு: காம்பு, தோல், பச்சைத் தூசி. பதினோரு சாக்கு. உரக்கிடங்கின் சிமெண்டுத் தரையில் மாயக்காளும் சுப்புத்தாயும் அதைக் கொட்டி, உள்ளே கிடந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கத் தொடங்கினார்கள்.

சுப்புத்தாய் இரண்டு கைகளிலும் பழைய சேலைத் துணியைச் சுற்றியிருந்தாள். விரலிடுக்கில் தோல் உரிந்து நீர் வடிந்தது. இந்தத் தூசியைத் தொடவே கூடாது என்று ஆசுபத்திரியில் சொல்லியிருந்தார்கள். வீதி பெருக்கும் வேலைக்கு மாற்றிவிடும்படி சூப்பர்வைசர் யோகராஜிடம் மூன்று முறை கேட்டிருந்தாள்.

"இன்னைக்கு கார்பன் மேடம் வர்றாக. அவுக போகட்டும் ஆத்தா. நாளையிலருந்து நீ ரோட்டுச் சோலிக்குப் போ," என்றான் அவன்.

அவன் நகர்ந்ததும் மாயக்காள் கேட்டாள். "அதென்னடி கார்பன்?"

"குப்பைய எரிக்காம மக்க வச்சா, புகை மிச்சம்னு வெளிநாட்டுக்காரன் துட்டு தர்றானாம்க்கா."

"அந்த மகராசன்கிட்ட உனக்கொரு கிளவுசு கேளு."

எட்டு மணிக்கு யோகராஜ், ஏலக்கழிவு போட்ட மண்புழு உரத் தொட்டியின் ஈரச்சாக்கை விலக்கினான். மண்புழுக்கள் அவித்த சேமியாபோல வெளுத்துக் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை. ராசிங்காபுரத்துப் புழுப் பண்ணைக்குப் போன் போட்டான். ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் இரண்டு வாளி புதுப் புழு வந்தது.

"மேல தூவுங்க. வெரசா."

பத்தரைக்கு வந்த கார்பன் அதிகாரி உறை போட்ட கையால் தொட்டியைத் தோண்டினாள். அடியிலிருந்து செத்த புழுக்கள் வந்தன.

"வெயிலு மேடம்," என்றான் யோகராஜ்.

அதிகாரி தொட்டிக்கு மேலிருந்த கூரையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சுப்புத்தாயிடம் திரும்பினாள். "தினம் நீங்கதானே பாக்குறீங்க. நீங்க சொல்லுங்கம்மா."

"ஏலக்காய்க்கு அடிக்கிற பூச்சிமருந்துங்க. வீட்டுக் குப்பை போட்ட தொட்டியில ஒரு புழுவும் சாகல. என் கையும் அதுலதான் இப்படி ஆச்சு." துணியை அவிழ்த்து நீட்டினாள்.

"அடடா. டாக்டர்கிட்ட காட்டுங்க," என்ற அதிகாரி யோகராஜிடம் சொன்னாள்: "இவங்க சொல்றது சரி. இந்தக் கழிவை இனிமே நேரா தொட்டியில போடாதீங்க. வெளியில பரப்பி, பதினஞ்சு நாள் தினமும் கிளறணும். மருந்தோட வீரியம் போனாத்தான் புழு தாங்கும். விவரம் தெரிஞ்ச ஆளா ஒருத்தரை அதுக்குன்னே வைங்க."

"சுப்புத்தாயையே வச்சிருவோம் மேடம்."

அதிகாரி பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஜீப்பு போன பிறகு பதினோரு சாக்குக் கழிவும் வெயிலில் பரப்பப்பட்டது. சுப்புத்தாய் கிளறக் கிளறத் தூசி எழுந்தது.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல," என்றாள் மாயக்காள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

யோகராஜ் தொட்டியருகே குத்தவைத்து உட்கார்ந்து, புதுப் புழுக்களின் மேல் சாக்கைப் போர்த்தினான். உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி அள்ளி அதன்மேல் தெளித்தான்.

"அண்ணே, ரோட்டுச் சோலி நாளைக்குத்தான?" என்று கேட்டாள் சுப்புத்தாய்.