இரண்டாவது துண்டுச் சீட்டு

1

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது இரண்டே வரி. மற்றதெல்லாம் நான் போட்டுக்கொண்டது. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

ஏப்ரல் மாதம். டைம்ஸ் சதுக்கத்தில் சலுகை விலை டிக்கெட் வரிசை. நசநசவென்று தூறல். எனக்கு முன்னால் வயதான ஒருவரும் ஓர் அம்மாவும் ஒரே குடைக்குள் நின்றிருந்தார்கள். வெகுநேரம் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தவர்கள், என் காதில் விழும்படி பேசியது இவ்வளவுதான்:

"ரெண்டாவது சீட்டப் பாக்கலியா நீ?"

"எந்த ரெண்டாவது சீட்டு?"

வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை. அந்த அம்மா குடையை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நனைந்தார். பின்னால் இருந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

(முகங்களை நான் பார்க்கவில்லை. எனக்குக் கதை குரலாகத்தான் வரும். மூக்கும் முழியும் பிறகு ஒட்டவைப்பது.)

எந்தச் சீட்டு என்று பிராட்வே நாடக அரங்குகளுக்குப் போய்வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: நாடகத்தில் யாராவது அன்று வரவில்லை என்றால், கையில் கொடுக்கும் நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டைச் செருகியிருப்பார்கள். 'இன்றைய காட்சியில் இன்னாரின் வேடத்தில் இன்னார்' என்று இருக்கும். புத்தகத்தைத் திறந்ததும் அது மடியில் விழும். விழுந்தவுடன் அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்கும். நானும் விட்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்:

(அ) 'அந்த ஜனவரிப் புதன்கிழமை, நாற்பத்தைந்தாம் தெருவில் பனி' – இது யாரும் எழுதக்கூடியது. அடித்துவிட்டேன்.

(ஆ) 'மில்டன் ஷார்ஃப் ஒரு பத்திரிகை விமர்சகர்' – கூடாது. விமர்சகர்களுக்கு டிக்கெட் இலவசமாக வரும். இவர் சொந்தக் காசில் வாங்கினால்தான் கதை நடக்கும்.

(இ) 'மில்டன் ஷார்ஃப் தன் மகளைக் கடைசியாக மேடையில் பார்த்தது அவளுக்கு

இல்லை. பார்த்தாரா என்பதுதானே கதையே.

(ஈ) 'மில்டன் ஷார்ஃப் சொன்னால் அந்த நாடகம் விழும்.' இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மில்டன் ஷார்ஃப் சொன்னால் அந்த நாடகம் விழும். ஃபாரெஸ்ட் ஹில்ஸில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அவருக்கு இருந்தவை மூன்று: மகள் டீனா, புதன்கிழமைப் பகல் காட்சி, செவ்வாய்க்கிழமை வசூல் பட்டியல். எந்த நாடகம் போன வாரம் எவ்வளவு வசூலித்தது என்று எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுவார்களே, அது. சிலர் பங்குச்சந்தை பார்ப்பதுபோல அவர் அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு எட்டாவது அவென்யூ காபிக் கடையில் கூட்டாளி பெர்னிஸிடம் தீர்ப்புச் சொல்வார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெர்னிஸ், கோடு போட்டதுபோல மெல்லிய புருவம் வைத்தவர். (புருவம் நான் ஒட்டவைத்தது.)

மில்டனிடம் சட்டங்கள் இருந்தன. மேடையில் நிஜத் தண்ணீர் கொட்டினால் வசந்தம் வரை தாங்காது. சுவரொட்டியில் மனித முகம் இல்லையென்றால் சுற்றுலாக்காரன் வரமாட்டான். டிவி நட்சத்திரம் வந்தால் முன்பதிவு கொட்டும், அந்த ஆள் விடுப்பு எடுத்த வாரம் எல்லாம் வடிந்துவிடும். இரண்டாம் பாதியில் கப்பல் வந்தால் கடவுளே முதலீடு செய்திருந்தாலும் காப்பாற்ற முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஜனவரி. பண்டிகைக் கூட்டம் ஊருக்குப் போனதும், குளிரில் யார் கோட்டை மாட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பதில்தான் ஒரு நாடகத்தின் ஆயுள் இருக்கிறது என்பார்.

"நீ மருந்துக்கடைக்காரனா, வெட்டியானா?" என்று பெர்னிஸ் ஒருமுறை கேட்டார்.

"ரெண்டுக்கும் நடுவுல," என்றார் மில்டன்.

4

இனி டீனா. இவளை எழுதத்தான் கஷ்டமாக இருந்தது.

நாற்பதைத் தாண்டியவள். தொழில், மாற்றாள். கூட்டத்தில் வரும் ஏழெட்டுப் பேரின் வேடங்களையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, பின்னறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாருக்காவது கால் சுளுக்கினால், காய்ச்சல் வந்தால், திரை தூக்கும் முன்பு கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் உடுப்பைக் கூடத் தொடாமல் வீட்டுக்குப் போகலாம். பல வருடம் வெளியூர்ச் சுற்றுக் குழுக்களில் இதே வேலை. பிராட்வேயில் கிடைத்த முதல் இடம், 'ஃபெர்ன் தெரு' என்ற இசை நாடகம். அதே சமயம் ஒஹாயோவில் ஒரு பள்ளியில் நாடக ஆசிரியை வேலையும் வந்தது. அப்பாவிடம் கேட்டாள்.

மகள் அப்பாவைக் கேட்டாள். பதில் சொன்னது செவ்வாய்க்கிழமை மில்டன். நட்சத்திரம் ஜோனா வெக்ஸ்லரை விட்டால் அதில் ஒன்றும் இல்லை, சுவரொட்டியில் ஒரு கதவு மட்டும் இருக்கிறது, ஜனவரியைத் தாண்டாது, பேசாமல் ஒஹாயோ போ என்றார்.

டீனா ஒஹாயோ போகவில்லை.

(இங்கே ஒரு சண்டை எழுதிப் பார்த்தேன். தட்டு உடைந்தது. பிறகு தட்டை எடுத்துவிட்டேன். இவர்கள் உடைக்கிறவர்கள் இல்லை, குறைத்துக்கொள்கிறவர்கள். தினமும் பேசியது வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை மட்டும் என்று ஆனது.)

நாடகம் அக்டோபரில் தொடங்கியது. எல்லாவற்றையும் முதல் வாரமே பார்க்கிற மனிதர் அதற்கு மட்டும் போகவில்லை. பெர்னிஸ் ஏன் என்று துளைத்தபோது, பார்த்தால் அவள் எப்படி இருந்தது என்று கேட்பாள், எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார்.

5

ஒரு வாசகர் கேட்பார் என்று தெரியும்: தான் மேடையேறும் நாளில் மகள் ஒரு ஃபோன் செய்திருக்கலாமே?

முந்தைய வரைவில் செய்தாள். செய்தால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது என்பது என் சௌகரியம். அவளுக்கென்று ஒரு காரணம் வேண்டுமே, தேடினேன். கிடைத்தது இது: முன்பொரு தடவை, பாஸ்டனில் ஒரு குழுவோடு இருந்தபோது, நாளைக்கு நான்தான் என்று கூப்பிட்டாள். மில்டன் பஸ் பிடித்துப் போனார். காய்ச்சலில் இருந்த நடிகை எழுந்து வந்துவிட்டாள். டீனா பின்னறையில் உட்கார்ந்திருந்தாள், அப்பா முன்வரிசையில். திரும்பும்போது அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "உன்னைப் பாக்கறதுக்கு யாருக்காவது உடம்பு சரியில்லாம போகணும்னு வேண்டிக்க வேண்டியிருக்கே."

வேடிக்கையாகச் சொன்னதுதான். அதன் பிறகு அவள் கூப்பிட்டதில்லை.

6

புதன்கிழமை.

மில்டன் யாரிடமும் சொல்லாமல் 'ஃபெர்ன் தெரு'வுக்கு டிக்கெட் வாங்கினார். நாடகம் கிறிஸ்துமஸ் தாண்டி ஜனவரியிலும் ஓடிக்கொண்டிருந்தது. தன் கணக்கு தப்பப்போகிறதா என்று பார்க்கப் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் வேலை செய்கிற இடத்தைப் பார்க்கத்தான் போனார் என்று நான் சொல்கிறேன். ஆசிரியருக்கு அந்த உரிமை உண்டு.

ஆறாவது வரிசை, நடைபாதை ஓரம். உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். சீட்டு விழுந்தது. ஜோனா வெக்ஸ்லர் இன்று இல்லை.

சுற்றிலும் பெருமூச்சு. மில்டன் பெருமூச்சு விடவில்லை. வெகுகாலப் பழக்கம், கால் தானாக எழுந்தது. நாடகப் பெயருக்கு மேலே பெயர் போட்ட நட்சத்திரம் வராவிட்டால், திரை தூக்கும் முன் டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம். கவுன்டரில் வரிசை ஏற்கனவே சேர்ந்திருந்தது.

"சனிக்கிழமை பகல் காட்சிக்கு மாத்திக் குடுங்க."

"அன்னைக்கும் அவங்க வராட்டி?"

"திரும்ப உங்க முகத்தைப் பாக்க வருவேன்," என்றார் மில்டன். கவுன்டர்க்காரர் சிரித்தார்.

புத்தகத்தை இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்குள் இன்னொரு சீட்டு இருந்தது.

நட்சத்திரத்தின் வேடத்தை அன்று எடுத்துக்கொண்டவள், தினமும் பக்கத்து வீட்டுக்காரியாக வருபவள். அவள் மேலே போனால் பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமே. அதற்குத்தான் இரண்டாவது சீட்டு. அதில் டீனா ஷார்ஃப் என்று அச்சாகியிருந்தது.

(இங்கேதான் எனக்கு இவர் மேல் சந்தேகம் வந்தது. மாற்றாளின் தகப்பன் ஒரு மாற்றாளைக் கண்டு எழுந்து போவானா? ஒரு வாரம் எழுதாமல் வைத்திருந்தேன். பிறகு தோன்றியது: புதிதாக வந்தவன் இரண்டு சீட்டையும் எழுத்துக்கூட்டிப் படித்திருப்பான். முதல் சீட்டுக்கு என்ன அர்த்தம் என்று மில்டனுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். அதனால்தான் இரண்டாவது வரை போகவில்லை.)

7

சனிக்கிழமை ஜோனா வெக்ஸ்லர் வந்தார், பாடினார், அரங்கம் எழுந்து நின்றது. மில்டனும் நின்றார். பின்வாசலுக்குப் போய் மகளை வரச்சொன்னார். டீனா சாதாரண ஸ்வெட்டரில் வந்தாள், அன்று யாருக்கும் உடம்பு கெடவில்லை. அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவளிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. மூன்று நாளாக, நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும் –"

"இரு, நான் மொதல்ல சொல்லிடறேன். நான் நெனச்ச மாதிரி இல்ல, நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா இல்லாம இதைப் பாக்கவே முடியாது. நல்லவேளை, புதன்கிழமை மாத்திக்கிட்டேன்."

"புதன்கிழமை வந்திருந்தியா?"

"வந்தேன். சீட்டு விழுந்துச்சு. எந்திரிச்சுட்டேன்."

டீனா அவருடைய மஃப்ளரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"நல்லவேளைப்பா," என்றாள். "சரி, நீ ஏதோ சொல்ல வந்தியே?" என்று அவர் கேட்டதற்கு, குளிர்கிறது, சீக்கிரம் ரயிலைப் பிடி என்று மட்டும் சொன்னாள்.

8

அடுத்த செவ்வாய்க்கிழமை வசூல் பட்டியல் வந்தது. 'ஃபெர்ன் தெரு' பாதாளத்துக்குப் போயிருந்தது. நட்சத்திரம் வராத நாட்களில் கவுன்டரில் நின்றவர்கள் திருப்பி வாங்கியது போக மிஞ்சியது கொஞ்சம். தயாரிப்பாளர்கள் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தார்களாம். அன்று பின்மேடைப் பலகையில் அறிவிப்பு ஏறியது: ஞாயிற்றுக்கிழமை கடைசி.

மில்டன் சொன்னது பலித்தது. பலிக்க வைத்த வரிசையில் அவரும் நின்றிருந்தார். மாற்றிக்கொண்டவர்தான், பணத்தைத் திரும்ப வாங்கியவர் இல்லை என்று அவர் வாதாடலாம். புதன்கிழமை அந்த இருக்கை காலியாக இருந்தது என்பதை மறுக்க முடியாது.

சொன்னேனா இல்லையா என்று கேட்க ஆள் இல்லை. பெர்னிஸ் தன் அக்காவோடு இருக்க, மில்டன் டிக்கெட்டை மாற்றிய புதன்கிழமைக்கு மறுநாளே ஃப்ளோரிடா போய்விட்டார், எல்லாக் குளிர்காலமும் போகிற மாதிரி. டீனா ஒஹாயோவுக்கு எழுதிக் கேட்டாள். இடம் இன்னும் இருந்தது. போய்விட்டாள்.

ஏப்ரலில் பெர்னிஸ் வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பினார். முதல் புதன்கிழமை. தூறல். ஒரே குடை.

நான் கேட்காமல் போன பேச்சு இப்படி இருந்திருக்க வேண்டும்:

"டீனாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே நீ. நானே பால்கனில உக்காந்து அழுதேன். உனக்கு எப்படி இருந்திருக்கும்."

"எதுக்கு அழுத?"

"அந்தப் புதன்கிழமைதான். லாபியில உன்னைப் பாத்தேனே. கூட்டத்துல கூப்பிட முடியல."

"நான் டிக்கெட்ட மாத்திட்டேன், பெர்னிஸ். வெக்ஸ்லர் இல்லைன்னு சீட்டு இருந்துச்சு."

அதன் பிறகு வருவது உங்களுக்குத் தெரியும்.

9

முடிவுகள்.

ஒன்று: மில்டன் ஒஹாயோவுக்குக் கூப்பிடுகிறார். "என்னப்பா, இன்னைக்கு செவ்வாய்க்கிழமை கூட இல்லியே," என்கிறாள். அவர் ஏதோ ஒரு கப்பல் நாடகத்தின் வசூலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறார். இது நடந்திருக்கும். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

இரண்டு: சொல்லிவிடுகிறார். அவள், பரவாயில்லப்பா, எனக்குத் தெரியும் என்கிறாள். பரவாயில்லை என்று அவள் சொல்வதை

முடியவில்லை. எத்தனை முறை கேட்டாலும் அந்தக் குரல் எனக்கு வரவில்லை.

மூன்று: இது கதைதானே. சீட்டுகளைச் செருகும் கையை நான் பிடித்து, இரண்டாவதை மேலே வைத்துவிடலாம். மில்டன் படிக்கிறார். உட்கார்கிறார். விளக்கு அணைகிறது. இரண்டாம் பாதியில் பக்கத்து வீட்டுக்காரி வருகிறாள், கையில் மூடிபோட்ட சூப்புப் பாத்திரம். கதவைத் தட்டுகிறாள். அவளுக்கு இருப்பது ஒரே வசனம். பாட்டு கிடையாது. சொல்லிவிட்டுச் சிறிது நேரம் நிற்பாள், பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். பெர்னிஸ் அழுதது அவள் அப்படி நிற்பதைப் பார்த்து.

அதுவரை எழுதிவிட்டேன். மில்டனின் முகத்தை எழுதப் போனால், அவர் அங்கே இல்லை. எத்தனை தரம் உட்காரவைத்தாலும் எழுந்து கவுன்டருக்குப் போய்விடுகிறார். என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறார்.

ஆறாவது வரிசை, நடைபாதை ஓரம். நிகழ்ச்சிப் புத்தகம் இருக்கையிலேயே கிடக்கிறது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்காருங்கள். இதற்குமேல் எனக்கு வராது. டீனா மேடைக்கு வந்துவிட்டாள். பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைத் தட்டுகிறாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"