குலசேகரத்தில் பிரிகிற பாதை

என் தம்பி டிஜோவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசை கிடையாது, சைக்கிள்தான். குளச்சலே குளித்துப் பவுடர் போட்டுக் கோயிலுக்குப் போகிற நேரத்தில், தொடையோடு ஒட்டிப்பிடித்த கால்சட்டையும் தலையில் ஹெல்மெட்டுமாக இவன் மட்டும் எதிர்ப்பக்கம் போவான். மீன் ஏலம் போடுகிற இடத்தில் பெண்கள் அம்மாவை விடமாட்டார்கள். "ஏட்டி செசிலி, ஒனக்க மவன் டவுசருக்குத் துணி பத்தாம பனியன காலுல இட்டிருக்கானா?" அம்மாவும் சும்மா இருக்கிறவள் இல்லை. "ஒங்க வீட்டு ஆம்பிளைக ஞாயித்துக்கெழம எங்கெங்க விழுந்து கெடக்கானுவன்னு நான் சொல்லட்டா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் நின்று புலம்புவாள். அது வேறு.

மஸ்கட்டில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு 2013-ல் திரும்பி வந்தவன், திருவனந்தபுரம் போய் அந்தச் சைக்கிளை வாங்கி வந்தான். வளைந்த கைப்பிடி, விரல் தடிமனுக்கு டயர், பின்னால் கேரியர்கூடக் கிடையாது. திங்கள்நகர், தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை அணை. அணையைத் தாண்டிக் கோதையாற்றை ஒட்டியே ரப்பர் தோட்டங்களுக்குள் ஏற்றம். திரும்பும்போது குலசேகரத்தில் இரண்டு வழி. தக்கலை வழி சீக்கிரம் வந்துவிடலாம். இன்னொன்று சுருளகோடு, தடிக்காரன்கோணம் என்று மலையடிவாரத்திலேயே சுற்றிப் பூதப்பாண்டியில் பழையாற்றைப் பிடித்து நாகர்கோவிலுக்கு வரும். நேரம் இருந்தால் இந்தச் சுற்றுவழிதான் அவனுக்குப் பிடிக்கும். "ரண்டு ஆத்தையும் ஒரே நாளுல பாத்திரலாம்க்கா" என்பான். நான் அந்தப் பக்கமெல்லாம் போனதில்லை. மத்தியானச் சோற்றுத் தட்டில் மீன்குழம்பைத் தொட்டு அவன் வரைந்து காட்டியே எனக்கு எல்லா வளைவும் மனப்பாடம்.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று ஒருநாள் கேட்டேன்.

"அணைக்கு மேல போனா போன் எடுக்காது. ஆரும் விளிக்க முடியாது. அதுக்குத்தான் போறேன்" என்றான்.

அவனுக்குப் போன் என்றால் ஏன் அத்தனை வெறுப்பு என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 2009-ல் அப்பா படகிலேயே சுருண்டு விழுந்தார். கரைக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை. மஸ்கட்டுக்குப் போன் செய்தது செல்வதாஸ் மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் எந்தச் சாவுக்கும் வெளிநாட்டுக்குப் பேசுவது அவர்தான். பேசுவதற்கு ஒரு முறை உண்டு. தூரத்தில் இருக்கிறவனிடம் செத்துப்போனதைச் சொல்லக்கூடாது. தனியாக இருப்பான், தாங்கமாட்டான், வழியில் ஏதாவது ஆகிவிடும். அதனால், "அப்பனுக்குக் கொஞ்சம் சொகமில்ல மக்கா, ஆஸ்பத்திரியில இருக்காரு, ஒன்னக் கேக்காரு. பேடிக்காண்டாம், பைய வந்தா மதி" என்று மெத்தையில் வைத்த மாதிரி சொல்வார். பயப்படாதே, மெதுவாக வந்தால் போதும் என்றுதான் எப்போதும் முடிப்பார். வந்து இறங்கியபின் தானாகத் தெரிந்துகொள்ளட்டும். எங்கள் பக்கம் எல்லோரும் இப்படித்தான். இதை அன்பு என்று வேறு நினைத்துக்கொள்கிறார்கள்.

டிஜோ அதை நம்பினான். விமான நிலையத்தில் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கினான். கார் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் வீட்டுப் பக்கம் திரும்பியபோதுதான் தெருவில் பந்தலைப் பார்த்தான். "பிளைட் முழுக்க ஜெபமாலை சொல்லிட்டு வந்தேன், ஐஸுல கெடக்கவருக்கு சொகமாவணும்னு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். அதற்குப் பிறகு மாமாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வீட்டுக்குள் வந்தால் இவன் எழுந்து வெளியே போவான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அன்றைக்கு மாமா நேராகவே சொல்லிவிடலாம் என்றுதான் சொன்னார். அம்மாதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்க பிள்ள அங்க ஒத்தைக்குக் கெடந்து சாவான், சொல்லாதே" என்று அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பழியை மாமா ஆறு வருஷமாக வாயைத் திறக்காமல் சுமந்தார். அம்மாவும் சுமக்கவிட்டாள்.

2015-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்து வந்த அம்மா, முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் சகாயம் காரை எடுத்தார். மாமாவும் ஏறிக்கொண்டார். நாகர்கோவில் போகிற வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை. என் காதைத் தன் வாயருகே இழுத்து, "டிஜோவ விளி மோளே. பொய் சொல்லச் சொன்னது நான்தான்னு அவங்கிட்ட சொல்லணும். செல்வதாஸ் பாவமாக்கும். சொல்லாமப் போனா எனக்கு மோட்சமில்ல" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வரவேண்டியவங்களை வரச் சொல்லுங்க" என்றார். மறுபடி ஒருமுறை வலி வந்தால் தாங்காது என்றார்.

டிஜோவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பத் திரும்ப அடித்தேன். அந்த மலையை, அந்த ஆற்றை, அந்தச் சைக்கிளை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே அடித்தேன். கடைசியில் மணி போனது. அணைக்கு இறங்கிவிட்டான்.

"டிஜோ, அம்மைக்கு நெஞ்சுவலிலே. நாகர்கோயில்ல சேத்திருக்கு. உயிரோட இருக்கு, ஒன்னக் கேக்குது. வேகம் வா, கார் பிடிச்சாவது வா" என்றேன். அழாமல் சொல்லத்தான் பார்த்தேன். முடியவில்லை.

மாமா போனைப் பிடுங்கினார். "மலை எறக்கத்துல நிக்கவன்ட்ட இப்பிடியா ஏட்டி கத்துவ? பேடிச்சு எங்கயாவது போய் விழுந்தா?" என்னை அதட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு மருமகனிடம் பேசுகிற முதல் பேச்சு. குரலைத் தாழ்த்தி, "மக்கா, பேடிக்காண்டாம். ஒண்ணுமில்ல. பாத்து ஓட்டு, பைய வந்தா மதி" என்றார்.

"செரி" என்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அவன் போன் அணைந்துவிட்டது.

மாமாவை அறைந்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறமாதிரி அப்போது தோன்றியது. அந்த இறக்கத்தில் அவன் எப்படி வருவான் என்று அவன் சொல்லியே எனக்குத் தெரியும். சகாயம், "தக்கலை ரோட்டுல போயி எடையில பிடிச்சு ஏத்திட்டு வாறேன்" என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் அவனை ஓட்டிக்கொண்டு வந்தேன். இப்போது குலசேகரம். இப்போது திருவட்டாறு. இப்போது காரில் ஏறியிருப்பான். கதவு திறக்கும்போதெல்லாம் அம்மா, "வந்தானா?" என்றாள்.

சகாயம் கூப்பிட்டார். அணை வரைக்கும் போய்விட்டாராம், வழியில் ஆளைக் காணோம். அங்கே டீக்கடையில் விசாரித்தால், சைக்கிள்காரப் பையன் ஒருத்தன் போன் பேசிவிட்டுத் தலையைக் கவிழ்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தான், பிறகு பைய இறங்கிப் போனான் என்றார்களாம்.

அப்படியானால் குலசேகரத்தில் சுற்றுவழியில் திரும்பியிருக்கிறான். பெற்றவள் சாகக் கிடக்கிறாள், இவனுக்கு இரண்டு ஆறு கேட்கிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

மத்தியானம் தாண்டி வந்தான். அவன் சைக்கிள் ஷூவுக்கு அடியில் இரும்பு உண்டு. வராந்தாவில் டக் டக் என்று அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா தலையைத் திருப்பினாள். கதவுக்கு வெளியே மாமா தலைகுனிந்து நின்றார். டிஜோ அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக உள்ளே வந்தான்.

அவன் மார்பில் குறுக்காக ஒரு மாலை கிடந்தது. சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கட்டிய, கை தடிமனுள்ள மாலை. சவத்துக்குப் போடுகிற மாலை. கேரியர் இல்லாத சைக்கிள் என்பதால் உடம்பில் மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். வியர்வையில் இதழ்கள் சட்டையோடு ஒட்டியிருந்தன. முகம் அழுது வீங்கியிருந்தது.

அம்மா முதலில் அவன் முகத்தைத்தான் பார்த்தாள். சிரிக்க வந்தாள். பிறகு மாலையைப் பார்த்தாள்.

"அம்மே" என்றான். மாலையைக் கழற்றப் போனான், அது ஹெல்மெட் வாரில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நர்ஸ், "யாருப்பா நீ, பூவெல்லாம் உள்ள கொண்டாறது?" என்று சத்தம் போட்டாள்.

"ஆருலே போன்ல சொன்னது?" என்று அம்மா கேட்டாள்.

"அக்கா அழுதா. பொறவு மாமன் வாங்கிப் பேசுனாரு."

"பைய வந்தா மதின்னானா?"

டிஜோ தலையை ஆட்டினான். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்குமேல் மாமாவின் குரல் வந்து விழுந்ததும் அவன் அம்மாவைச் செத்தவளாக்கிவிட்டான். செத்தவளிடம் அவசரமாக வந்து என்ன செய்ய? சுற்றுவழியில் தனியாக அழுது தீர்த்துவிட்டு, பூதப்பாண்டியிலிருந்து தோவாளைக்குப் போய், பூச்சந்தையில் நின்று மாலை கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவன்மேல் என்ன குற்றம் சொல்ல?

அம்மா கதவுப் பக்கம் மாமாவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் குனிந்து, "அம்மே, அவங்கிட்ட சொல்லணும்னு சொன்னியே, சொல்லு" என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நல்ல பூ" என்றாள். "தோவாளையா மக்கா?"

"ம்."

"அம்புட்டு தூரமா சைக்கிள் சவுட்டுன?"

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டாள். டிஜோ அவள் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் அந்த மாலையை அறுத்தெடுத்து ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். அம்மா கண்ணைத் திறப்பாள், சொல்வாள் என்று பக்கத்திலேயே இருந்தேன். சாயங்காலம் மறுபடி வலி வந்தது. டாக்டர் சொன்னபடியேதான் ஆனது.

அடக்கம் முடிந்து வந்த அன்று முற்றத்தில், ஊர் பார்க்க, டிஜோ மாமாவின் சட்டையைப் பிடித்தான். "ஒம்ம வாயில நெசமே வராதா ஓய்? அப்பனுக்கும் ஏமாத்துனீரு. அம்மைக்கும் ஏமாத்துனீரு. ஒமக்கு என்ன செய்தேன் நான்?" மாமா கையைக்கூடத் தூக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அம்மாமேல் வந்தது அதைவிடக் கூடுதல். செய்ததை எல்லாம் செய்துவிட்டு, நல்ல பூ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இனி நான் சொன்னால் அவனுக்கு அம்மாவும் இல்லை. சொல்லாவிட்டால் மாமாவுக்கு இந்த வீட்டுப் படி இல்லை.

கூட்டம் கலைந்தபின் டிஜோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மாமா முற்றத்தின் அந்தக் கோடியில் வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கார்ல போகும்போ அம்ம ஒனக்க காதுல என்னமோ சொன்னாளாமே, எங்கிட்ட சொல்லணும்னு. முழுசாக் கேக்கலன்னு அத்தான் சொன்னாரு. என்னது அது?"

நான் பதில் சொல்வதற்குள் மாமாவின் குரல் வந்தது. திரும்பிப் பார்க்காமலே பேசினார். அதே தாழ்ந்த குரல். "ஒன்ன ஒருக்கா பாக்கணும்னுதான் மக்கா. வேற ஒண்ணுமில்ல."

டிஜோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்தான்.

"அப்பிடியாக்கா?"

"ஆமா" என்றேன்.

டிஜோ நம்பிவிட்டான்.