பதினொரு சட்டை தூரம்

ஒன்பது மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் தையற்காரரின் முழங்கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிடும். மகள் இருக்கும் ஊருக்கோ விமானத்தில் பதின்மூன்று மணி நேரம். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். "இந்தத் தடவையும் வரலேன்னா உங்களோட பேசவே மாட்டேன்பா" என்று போனில் சொல்லிவிட்டாள்.

டிக்கெட் அலுவலகத்துச் சுவரில் இருந்த உலகப் படத்தில், விமானம் போகும் வழி வில்லாக வளைந்திருந்தது. அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே நேராக வைத்தார்.

"ஏன் தம்பி சுத்தி வளைச்சுப் போறீங்க? நேரா விட்டா ஒன்பது மணி நேரத்துல போயிடலாமே."

குமாஸ்தா மேசையிலிருந்த உலக உருண்டையை நகர்த்தினார். "இதுல அளந்து பாருங்கய்யா."

இழுத்துப் பிடித்த டேப், தானாகவே அந்த வளைந்த வழியில் போய்ப் படுத்தது. நாற்பது வருஷம் தொப்பைகளை அளந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"சரி, டிக்கெட்டைப் போடுங்க."

விமானத்தில் குழந்தைச் சட்டை தைக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் முடிந்ததும் எழுந்து, கடைசி வரிசைவரை காட்டிவிட்டு வந்தார். வழியில் மூன்று பேருக்குப் பட்டன் தைத்தார். அதில் ஒருவர் விமானி. அவருக்குத் தைத்தபோதும் விமானம் ஒழுங்காகத்தான் பறந்தது.

விமான நிலையத்தில் மகள் அவர் முழங்காலையே பார்த்தாள். "ரொம்ப நேரம் ஆச்சாப்பா?"

"பதினொரு சட்டைம்மா. பன்னெண்டாவதுல பட்டனுக்குக் காஜா எடுக்கறதுக்குள்ள இறக்கி விட்டுட்டாங்க."