கோபுரத்துக்கு மூன்று பேர்

விமானப்படைத் தளத்தின் வேலியைச் சுற்றி இருபத்து நான்கு காவல் கோபுரங்கள். எந்த நேரமும் ஒவ்வொன்றிலும் ஒருவர் நிற்க வேண்டும். அதற்கு எத்தனை பேர் தேவை என்று கணக்குப் போடுவது எழுத்தரின் வேலை. மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேர். ஆனால் மனிதனுக்கு விடுப்பு உண்டு, காய்ச்சல் உண்டு. ஆகவே கோபுரத்துக்கு ஐந்து பேர். பதினெட்டு வருடமாக அவர் போட்ட கணக்கு இதுதான்.

"நூத்தியிருபது பேரா? அவ்வளவு பேரெல்லாம் தர முடியாது. எழுபத்திரண்டுல முடிங்க," என்றார் தளபதி.

பதவி உயர்வுப் பட்டியல் தளபதியின் மேசையில் கிடந்தது. எழுத்தர் ஐந்தை அடித்து மூன்று என்று எழுதினார். ஒரே கோட்டில் ஊரிலுள்ள காய்ச்சலையெல்லாம் ஒழித்துவிட்ட மகா கெட்டிக்காரர்!

ஏழாம் கோபுரம் அவருடைய தங்கை கணவனுக்கு வந்தது. கூட நிற்க வேண்டியவர்களில் ஒருவன் காய்ச்சலில் படுத்தான், இன்னொருவன் அப்பா செத்து ஊருக்குப் போனான். மாப்பிள்ளை இரண்டு நாள் விடாமல் நின்றான். இரண்டாம் நாள் பட்டப்பகலில் கண்ணசந்துவிட்டான். வேலியை வெட்டி நுழைந்தவர்கள் இரண்டு விமானங்களைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

விசாரணையில் எழுத்தரையும் கூப்பிட்டார்கள்.

"கோபுரத்துக்கு மூணு பேர் போதுமா?"

தளபதி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும் சார்."

மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. பாவி, ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று எழுத்தர் தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

மறுமாதம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: இனி கோபுரத்துக்கு ஐந்து பேர். அதன் நகல் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். இன்றைக்காவது சொல்லித் தொலைத்துவிட வேண்டும்.

தங்கை வாசலிலேயே குரலைத் தாழ்த்தினாள். "உன் மேல எனக்குக் கோவம்ணா. அவருகிட்ட சொன்னா என்னையே திட்டுறாரு. 'உங்கண்ணன் கணக்கு தப்பாது. அவரு மூணு பேர் போதும்னா போதும்தான். தூங்கினது நான்'ங்கிறாரு."

உள்ளிருந்து மாப்பிள்ளை எழுந்து வந்தான். இளைத்திருந்தான். "வாங்க மச்சான்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

எழுத்தர் உட்கார்ந்தார். சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.