கொம்பில் வந்த சாம்பார்

ஆலன் நகரச் செந்தமிழ்ப் பேரவையின் தலைவர் பத்மநாபன் மாநிலத்துக்கு ஒரு கதையாக 'பாரதக் கதை மாலை' நடத்துவதாக அறிவித்ததுமே ஸோரமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்க நேபாளா, சைனாவா?" என்று கேட்ட மனிதர், இப்போது "நம்ம மிசோரம் சிஸ்டர்" என்று குழைந்தார். ஒரு மாநிலம் குறைந்தால் அவருடைய வரைபடத்தில் ஓட்டை விழுமாம்.

சென்னையில் நர்ஸிங் படித்து, ஜெயபிரகாஷைக் கட்டிக்கொண்டு டெக்சஸ் வந்தவள் ஸோரமி. மகள் அஞ்சனா மேடையேறி, "இது எங்க அம்மா ஊர்க் கதை" என்று சொல்வாள். அந்த ஒரு வரிக்காகத்தான் சம்மதித்தாள்.

மிசோரம் தலைநகர் ஐஸாலில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் கதை அது. சூரா என்கிற மடையன் காட்டுப் பேய்ச்சியின் கூந்தலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். அவள் கெஞ்சிக் கூத்தாடி மந்திர மாட்டுக் கொம்பைக் கொடுத்தபிறகே விடுவான். ஒரு முனையில் சோறு கொட்டும், மறுமுனையில் இறைச்சி. நீதி, கீதி எதுவும் கிடையாது.

மேடையில் அஞ்சனா நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஒரு பக்கம் சோறு வந்துச்சு. இன்னொரு பக்கம்..." அம்மாவைப் பார்த்துத் தயங்கினாள். "சாம்பார்."

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. ஸோரமி கணவன் பக்கம் திரும்பினாள். அவன் அவசரமாகப் போனுக்குள் தலையைவிட்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா ஜேபி?"

"பத்மநாபன் அங்கிள் ரிக்வெஸ்ட் பண்ணார், ஸோரா. வெஜிடேரியன் ஆடியன்ஸ். சின்ன சேஞ்ச்தானே?"

"நேத்து நான் வெச்ச பன்றிக் கறிய வழிச்சு வழிச்சு சாப்ட்டியே, அத ஏன் சேஞ்ச் பண்ணல?"

"ஐயோ, மெதுவா பேசு!"

அதற்குள் பத்மநாபன் மைக்கைப் பிடித்திருந்தார். "பாத்தீங்களா? அந்த மலைவாசி மக்கள்கூட அப்பவே சாம்பார் சாப்ட்ருக்காங்க! நம்ம கலாச்சாரம் எங்கெல்லாம் போயிருக்கு! இந்தக் கதையின் நீதி என்னன்னா, சைவம்!"

ஸோரமி மேடையேறி மைக்கைப் பற்றினாள்.

"விடுங்கம்மா, ப்ரோக்ராம் லேட் ஆகுது."

"நீங்க விடுங்க அங்கிள்."

"சிஸ்டர், எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எங்க கதைய உங்க சமையல்கட்டுல கழுவி எடுக்கத்தான் கூப்டீங்களா? அது இறைச்சி. கேக்க முடியலைன்னா காதப் பொத்திக்குங்க."

அவர் இழுத்தார். அவள் பிடி தளரவில்லை. நெற்றியில் விபூதி வியர்வையில் கரைய, சபையைப் பார்த்து இளித்தார். இழுத்தார். கடைசியில் விட்டார்.

ஸோரமி மைக்கை மகளின் வாயருகே பிடித்தாள்.

"அம்மா, ஃப்ரம் த பிகினிங்?"

"முதல்லேருந்து. யாரோட கதைன்னு சொல்லிட்டு ஆரம்பி."